பாடலுக்கு இடமுண்டு, பாடியவருக்கு?

திண்டுக்கல் சமவெளியில் மாசி பிறந்து வைகாசி முடியும்வரை இரவுகள் பாட்டோடு கழிகின்றன. முளைப்பாரி எடுக்கும் ஊர்களில் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவையொட்டி நம் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் பாஸ்கு மேடையேறுகிறது. நகரத்து மண்டபத்தில் எப்போதேனும் ஒரு கர்நாடக இசைக் கச்சேரி நிகழ்கிறது. மூன்றிலும் உழைப்பது மனிதக் குரலே. ஆயினும் மூன்றையும் நம் சமூகம் ஒரே தராசில் நிறுப்பதில்லை. கச்சேரியில் பாடுபவர் ‘வித்வான்’. நாடகத்தில் பாடுபவர் ‘கூத்தாடி’. பாஸ்குவில் பாடுபவரோ பெயர்கூடச் சொல்லப்படாத ‘நம்ம ஊர்ப் பையன்’.

இவை இசையைப் பற்றிய தீர்ப்புகளா, அல்லது மனிதரைப் பற்றிய தீர்ப்புகளா? இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி இதுவே. பாடகர் ஒருவரின் வாழ்வு குரலால் மட்டும் அமைவதன்று. எந்த மேடை அவருக்குத் திறந்தது, எது மூடிக்கொண்டது, திறந்த மேடை அவரிடம் என்ன விலை கேட்டது என்பவையும் சேர்ந்தே அதை அமைக்கின்றன. இசை விமரிசனம் பெரும்பாலும் குரலோடு நின்றுவிடுகிறது. மற்றதையும் சேர்த்துப் பார்க்க முயல்வோம்.

ஒரே தொட்டிலில் இரு குழந்தைகள்

முதலில் மேலை நாட்டு மரபைச் சற்று நோக்குவோம். அங்கே ஓபரா என்று வழங்குவது, உரையாடலையும் பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அது உருப்பெற்றது. 1600ஆம் ஆண்டு பிப்ரவரியில், உரோமையில் புனித பிலிப்பு நேரியார் வழிவந்த செபக்கூடத்தில், எமிலியோ தெ கவலியேரி இயற்றிய ‘ஆன்மாவும் உடலும்’ என்னும் இசை நாடகம் நடந்தது. அந்தச் செபக்கூடத்தைக் குறித்த ‘ஒரத்தோரியோ’ என்ற சொல்லே பின்னர், வேடமின்றிப் பாடப்படும் திருமறை இசைக் காவியத்துக்குப் பெயராயிற்று. நாடக அரங்கின் பாட்டும் கோவிலின் பாட்டும் ஒரே தொட்டிலில் வளர்ந்த குழந்தைகள் என்றால் மிகையாகாது.

அதனால் அங்கே ஒரே பாடகர் ஒரு வாரம் ஓபராவில் வேடமிட்டுப் பாடுவதும், மறுவாரம் கச்சேரி மேடையில் வேடமின்றிப் பாடுவதும், தவக்காலத்தில் ஆலயத்தில் பாஹ் இயற்றிய திருப்பாடுகளின் இசையில் பங்கேற்பதும் இயல்பு. மூன்று மேடைக்கும் பயிற்சி ஒன்றே. ஒலிபெருக்கியின் துணையின்றி, இசைக்கருவிகளின் பெருமுழக்கத்தையும் கடந்து, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்குமாறு பாட வேண்டும். அதற்கு மூச்சை ஆளும் கலையை ஆண்டுக்கணக்கில் பயில்கின்றனர்.

இந்த மரபில் நம் நாட்டவரும் இடம் பெற்றிருக்கின்றனர். கோவா வழிவந்த குடும்பத்தில் 1960இல் பம்பாயில் பிறந்த பட்ரீசியா ரொசாரியோ, இலண்டனின் கில்ட்ஹால் இசைப்பள்ளியில் பயின்று, ஓபராவிலும் கச்சேரி மேடையிலும் ஒருங்கே புகழ் பெற்றார். ஜான் டாவனர் என்னும் இசையமைப்பாளர் அவர் குரலை மனத்திற்கொண்டே பல படைப்புகளை எழுதினார். 1992இல் ஆல்ட்பரோ இசைவிழாவில் அரங்கேறிய டாவனரின் ‘எகிப்து மரியா’ ஓபராவில் தலைமை வேடம் ரொசாரியோவுடையது. அரங்கில் வேடமிட்டதால் அவருடைய கச்சேரியின் மதிப்புக் குறையவில்லை. கச்சேரியில் பாடியதால் அரங்கு அவரைத் தள்ளவும் இல்லை.

ஆனால் மேலை மரபைப் பொற்காலமாக வருணித்துவிட்டு நகர்வது நேர்மையாகாது. அங்கும் மேடை கொடிய விலை கேட்டதுண்டு. குரல் உடையுமுன் சிறுவர்களின் உடலைச் சிதைத்து, அந்த உச்சக் குரலை ஆயுள் முழுவதும் காப்பாற்றும் வழக்கம் இத்தாலியில் சில நூற்றாண்டுகள் நீடித்தது. அவ்வாறு பாடகரானவர்கள் ஓபராவிலும் பாடினர், ஆலயங்களிலும் பாடினர். உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயப் பாடகர் குழுவில் இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி அவர்களில் கடைசியானவராக அறியப்படுகிறார். அவர் 1922இல் மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டிலும் பதிவாகியுள்ளது. அழகு என்று நாம் கேட்டு மகிழும் ஒன்றின் பின்னே யாருடைய உடல் இருக்கிறது என்று கேட்கும் கடமை விமரிசகனுக்கு உண்டு என்பதை அந்தக் குரல் நினைவூட்டுகிறது.

மதுரைச் சாலையில் ஓர் இசை நாடக மரபு

இப்போது நம் மண்ணுக்கு வருவோம். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையில், 1918ஆம் ஆண்டு சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையை அமைத்தார். 1867 முதல் 1922 வரை வாழ்ந்த சுவாமிகள், தமிழ் நாடகத்துக்குப் பாட்டாலும் உரையாடலாலும் ஒரு நிலையான உருவம் தந்தவர். அவருடைய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ முதலிய நாடகங்கள் இராகமும் தாளமும் அறிந்த குரல்களுக்காகவே எழுதப்பட்டவை. ஓபராவுக்கு நிகரானது தமிழில் உண்டா என்று கேட்பவருக்கு இதுவே விடை.

பாலர் சபைகளில் சிறுவர்களே ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏற்றனர். அவர்களுடைய குரல் வானில் எழும் பறவைபோல் உயர்ந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ‘மகரக்கட்டு’ வந்தது. நேற்றுவரை அரங்கை ஆண்ட குரல் இன்று கரகரத்தது. இத்தாலியில் கத்தி செய்ததை இங்கே இயற்கை செய்யவிடாமல் எவரும் தடுக்கவில்லை. அது நம் மேடையின் பெருமையே. ஆயினும் குரல் உடைந்த பிள்ளை பாட்டு வேடத்தை இழந்தான். அதற்குள் பள்ளிப் படிப்பும் கைவிட்டுப் போயிருந்தது. நடிப்பாற்றலோ நல்லூழோ உடையவர்கள் நின்றனர். மற்றவர்களின் பெயர்களை நாடக வரலாறு எழுதி வைக்கவில்லை.

பிற்காலத்தில் கம்பெனிகள் ஓய்ந்தன. ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் முறை மட்டும் இன்றும் உயிரோடிருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் உள்ளன. விழா நடத்துவோர் ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை மற்றோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அழைக்கின்றனர். ஒத்திகை கிடையாது. அன்றிரவே மேடையில் சந்திப்பவர்கள் விடியும்வரை பாடித் தர்க்கம் செய்கின்றனர். சுவாமிகளின் பாடமும் மெட்டும் அனைவருக்கும் பொதுச்சொத்தாக இருப்பதால்தான் இது இயல்கிறது. எந்த இசைப்பள்ளியும் தராத பயிற்சி இது.

கொடுமுடிக் குரல்

இம்மேடை ஈன்ற மாபெரும் குரல் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளுடையது. 1908இல் காவிரிக்கரையில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து பாலபார்ட் வேடங்களில் பாடினார். நம் மேடைக்கு இன்னொரு பெருங்குரல் செங்கோட்டையிலிருந்து வந்தது. 1906இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா உயர்ந்த சுருதியில் தங்குதடையின்றி உலவும் குரலால் சங்கீத வித்வான்களையும் நாடகக் கொட்டகைக்கு வரவழைத்தார். இருவரும் ஒரே மேடையில் பாடினர். 1927இல் மணவாழ்விலும் இணைந்தனர். 1933 டிசம்பரில், 27ஆம் வயதில், கிட்டப்பா மறைந்தார்.

அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 25. அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தார். ஆண் நடிகர் எவருக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதிபூண்டார். ஆயினும் பாட்டை விடவில்லை. 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ திரைப்படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்துப் பாடினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓர் இலட்சம் ரூபாய். அக்காலத்தில் எவரும் கேட்டறியாத தொகை அது. அப்படத்தில் வேதியர் வேடம் ஏற்றவர் கச்சேரி மேடையின் பெருவித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சபாவின் சங்கீதமும் கொட்டகையின் சங்கீதமும் அங்கே எதிரெதிரே நின்று பாடின. கொட்டகை தோற்றுவிடவில்லை.

சுந்தராம்பாளின் பாட்டில் சிறப்பென்ன? நாம் மூன்றைச் சொல்வோம். முதலாவது, எழுத்து. வல்லினம் வல்லினமாகவும் மெல்லினம் மெல்லினமாகவும் ஒலிக்கும். ஒரு சொல்லும் சுரத்தில் கரைந்து காணாமற்போவதில்லை. இரண்டாவது, திறந்த தொண்டை. மேல் ஸ்தாயியில் குரலைச் சுருக்கிப் பொய்க்குரலாக்காமல் நெஞ்சின் முழு வலிமையோடு நிறுத்துவார். ஒலிபெருக்கி இல்லாக் காலத்தில், ஆயிரக்கணக்கானோர் அமர்ந்த திடலில் கற்ற பாடம் அது. மூன்றாவது, விருத்தம். தாளக்கட்டு இல்லாமல் செய்யுளை இராகத்தில் விரித்துப் பாடும் விருத்தமே நாடக மேடையின் ஆலாபனை. கச்சேரி ஆலாபனையில் இராகம் தனித்து நிற்கிறது. விருத்தத்தில் இராகம் பொருளுக்குப் பணிவிடை செய்கிறது. 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் இந்த மூன்றையும் ஒருங்கே கேட்கலாம்.

அவர் ஏற்ற பாத்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இன்னோர் உண்மை புலப்படும். நந்தனார், 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், 1965இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார், 1973இல் காரைக்கால் அம்மையார். அனைவரும் இல்லறத்தைக் கடந்த அடியார்களே, துறவிகளே. அவருடைய சொந்த உறுதி இதற்கு ஒரு காரணம். ஆனால் அந்த உறுதியைச் சமூகம் அத்துணை ஆர்வத்தோடு வரவேற்றது ஏன்? நாடக மேடையில் காதலைப் பாடிய பெண்ணை ஐயத்தோடு பார்த்த அதே ஊர், வெண்ணீறும் வெள்ளாடையும் தரித்த பெண்ணைக் கைகூப்பி ஏற்றுக்கொண்டது. 1958இல் அவர் சட்ட மேலவை உறுப்பினரானார். 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது ‘துணைவன்’ படத்துக்காகக் கிடைத்தது. 1970இல் பத்மஸ்ரீ வந்தது. இவை அனைத்தும் தகுதிக்குக் கிடைத்தவையே. எனினும் தகுதியோடு ஒரு துறவையும் அவர் முன்பணமாகச் செலுத்த வேண்டியிருந்தது.

மதுரையிலிருந்து சபாவுக்கு

மற்றொரு வாழ்வை இதனருகில் வைத்துப் பார்ப்போம். 1916இல் மதுரையில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமியும் திரைக்கு வந்தார். 1938இல் ‘சேவாசதனம்’, 1940இல் ஜி.என்.பாலசுப்பிரமணியத்தோடு ‘சகுந்தலை’, 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடம், 1945இல் ‘மீரா’. அதன்பின் நடிப்பை முற்றிலும் விட்டுக் கச்சேரி மேடையோடு நின்றார். 1968இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1998இல் பாரத ரத்னா. 2004இல் மறைந்தார்.

இருவரையும் ஒப்பிட்டு யார் பெரியவர் என்று பட்டிமன்றம் நடத்துவது வீண்வேலை. இருவர் பாதையிலும் ஒன்றுபோல் அமைந்த வளைவைக் காண்பதே பயனுடையது. ஒருவர் நாடகத்திலிருந்து புனிதப் பாத்திரங்களுக்குச் சென்றார். மற்றவர் திரையில் மீராவாகி, அந்த மீராவின் ஒளியோடே சபாவுக்குள் சென்றார். பாடும் ஆண்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. முசிறி சுப்பிரமணிய ஐயர் 1938இல் துக்காராமாக நடித்தார். தண்டபாணி தேசிகர் 1942இல் நந்தனாராக நடித்தார். அவர்களும் அடியார் வேடமே ஏற்றனர் என்பது உண்மை. ஆனால் ஜி.என்.பி. காதல் மன்னன் துஷ்யந்தனாகவே நடித்துவிட்டு, அடுத்த கச்சேரிக்குத் தலைநிமிர்ந்து சென்றார். அவரிடம் எவரும் வெள்ளாடை கேட்கவில்லை.

கச்சேரி ஏற்றதும் ஏற்காததும்

இனி, சுவரின் மறுபக்கத்தில் இருப்போர் சொல்வதையும் செவிமடுப்போம். நாடகப் பாட்டு கைதட்டலை நோக்கிப் பாடப்படுவது. உச்ச சுருதியில் நின்று கேட்போரை மயக்குவது. நிரவலுக்கும் பல்லவிக்கும் அங்கே நேரமில்லை. கச்சேரியோ அடக்கத்தையும் ஆழத்தையும் வேண்டுவது. இதில் உண்மை உண்டு. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை ஒரு பெருங்கலை. மூன்று மணி நேரம் கேட்போரின் மனத்தைப் படிப்படியாக அழைத்துச் செல்லும் அக்கட்டுக்கோப்பு நாடக மேடையில் இல்லை. ஒலிபெருக்கி வந்தபின், மெல்லிய கமகமும் தாழ்ந்த சுருதியும் அரங்கில் கேட்கும் நிலை உண்டானது. கொட்டகையில் வளர்ந்த முழுக்குரல் அதனருகே உரத்துத் தோன்றியதும் இயல்பே.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கச்சேரி மேடை பாடுகின்ற பாடல்கள் எங்கிருந்து வந்தவை? சீர்காழி அருணாசலக் கவிராயரின் ‘இராம நாடகம்’ நாடகமே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் ஒரு கதையை இசையில் நடத்திக் காட்டுபவை. தியாகராஜ சுவாமிகளே ‘பிரகலாத பக்தி விஜயம்’, ‘நௌகா சரித்திரம்’ என்ற இரண்டு இசை நாடகங்களை இயற்றினார். அவற்றின் பாடல்கள் இன்றும் சபாக்களில் ஒலிக்கின்றன. நாடகத்திலிருந்து பாடலைப் பிரித்தெடுத்துக் கழுவித் துடைத்துக் கச்சேரி ஏற்றது. தமிழ்ப் பாடல்களை நெடுங்காலம் நிகழ்ச்சியின் இறுதியில் துக்கடாவாகவே வைத்திருந்தது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்ததே அதற்குச் சான்று. பாடலுக்கு இடம் கிடைத்தது. அதை மேடைதோறும் விடிய விடியப் பாடி உயிரோடு காத்தவருக்கு இடம் கிடைக்கவில்லை. இது சங்கீத இலக்கணத்தால் வந்த முடிவன்று. சாதியும் பிறப்பும் பெண்ணைப் பற்றிய அச்சமும் சேர்ந்து எழுதிய முடிவு.

சுவர் எந்த மேடையைச் சுற்றி எழும் என்பதுகூட ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் மரியன் அண்டர்சன் என்னும் கறுப்பினப் பாடகிக்குக் கச்சேரி மேடை திறந்தது, ஓபரா மூடிக்கொண்டது. 1939ஆம் ஆண்டு, வாஷிங்டனின் பெரிய மண்டபம் ஒன்று இனத்தைக் காட்டி அவருக்கு மறுக்கப்பட்டது. உயிர்ப்பு ஞாயிறன்று, லிங்கன் நினைவகத்தின் படிகளில், திறந்த வெளியில் அவர் பாடினார். சுமார் 75,000 பேர் கேட்டனர். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஓபரா 1955இல்தான் அவரை மேடையேற்றியது. அப்போது அவருக்கு வயது 57. குரலின் இளவேனில் கழிந்துவிட்டிருந்தது. அங்கே கச்சேரி தந்ததை ஓபரா மறுத்தது. இங்கே நாடகம் தந்ததைக் கச்சேரி மறுத்தது. காரணம் இரண்டிடத்திலும் குரலில் இல்லை. குரலுக்குரியவரின் பிறப்பில் இருந்தது.

ஆலயத்தின் வாசலில்

சபாக்களை மட்டும் குறைகூறி நாம் விலகிச் சென்றுவிட முடியாது. திருச்சபையும் இப்படியொரு சுவரை எழுப்பியதுண்டு. 1903 நவம்பர் 22, இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவிசை பற்றிய ஆணையை வெளியிட்டார். ஓபரா அரங்கின் பாணி அக்காலத்து ஆலயங்களில் பெருகியிருந்தது. வழிபாடு கச்சேரியாக மாறியிருந்தது. அதனைத் திருத்தி, கிரகோரியன் இசையின் தூய்மைக்குத் திருப்புவதே அவருடைய நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் அதே ஆணை, பாடகர் குழு ஆற்றுவது வழிபாட்டுப் பணியாதலால் பெண்கள் அதில் இடம்பெறலாகாது என்றும் கூறியது. அன்றைய நெறி அது. காலம் அதனைக் கடந்து வந்துவிட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குச் சொந்தமான இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று தெளிவாக உரைத்தது. இன்று நம் ஆலயங்களில் பெண்குரல் இல்லாத பாடகர் குழுவைக் காண்பதே அரிது.

அந்த ஏடு வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் மண்ணில் அதற்கு இலக்கியம் இருந்தது. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்னும் கத்தோலிக்கர் இயற்றிய ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ சமய வேலி தாண்டிக் கச்சேரிகளில் பாடப்பட்டது. திண்டுக்கல்லுக்கே உரிய பெருமை இன்னொன்று. பிற்காலத்தில் தஞ்சையில் வாழ்ந்து 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் இசைப் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர், இளமையில் திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று, இங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். இந்நகரத்துச் சடையாண்டிப் பத்தரிடம் அவர் இசை பயின்றார். ஒரு கிறிஸ்தவப் பள்ளி ஆசிரியரும் ஓர் உள்ளூர் இசைவாணரும் குருவும் சீடருமாக அமர்ந்தபோது எந்தச் சுவரும் குறுக்கே நிற்கவில்லை. தமிழிசை ஆராய்ச்சியின் ஒரு வேர் இந்தச் சமவெளியில் ஊன்றியது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பாஸ்கு பாடுபவர்

இத்துணையும் பேசியபின், நம் முற்றத்தை நோக்காமல் இருக்கலாகாது. பாஸ்கு என்பது ஆண்டவரின் பாடுகளையும் உயிர்ப்பையும் ஊரே கூடி நடத்தும் இசை நாடகம். பிலிப்பு நேரியாரின் செபக்கூடத்தில் தோன்றியதற்கு அது தூரத்து உறவு. சங்கரதாஸ் சுவாமிகளின் மேடைக்கு நெருங்கிய உறவு. ஆர்மோனியமும் மிருதங்கமும், விருத்தமும் தருக்கமும் இரண்டுக்கும் பொது. உழவும் தோல் பதனிடும் வேலையும் பூட்டுத் தொழிலும் செய்யும் கைகள் அந்த இரவுகளில் பாவனை காட்டுகின்றன. அத்தொண்டைகள் விடியும்வரை பாடுகின்றன.

அண்மைக் காலத்தில், முன்னரே பதிவு செய்த ஒலியை ஓடவிட்டு, மேடையில் வாயசைத்து நடிக்கும் வழக்கம் இத்தகைய நாடகங்களில் பரவி வருகிறது. பிழை நேராது, குரல் கம்மாது, மேடையெங்கும் ஒலிவாங்கி வைக்கும் தொல்லையில்லை என்று அதற்குக் காரணம் கூறுகின்றனர். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் இழப்பு பெரிது. கெத்சமனியில் மன்றாடும் குரல் அந்த நொடியில் ஒரு மனிதனின் மார்பிலிருந்து எழ வேண்டும். சற்றே நடுங்கினாலும், சுருதி சற்றே விலகினாலும், அது உயிருள்ள வேண்டுதல். தாயின் ஒப்பாரி ஆண்டுதோறும் ஒரே ஏற்றத்தாழ்வோடு ஒலித்தால் அது ஒப்பாரியாகாது. இன்னோர் இழப்பும் உண்டு. பாடத் தேவையில்லாத மேடையில் பாடகன் உருவாக மாட்டான். பத்து ஆண்டுகள் வாயசைத்தால் அடுத்த தலைமுறைக்கு மெட்டைக் கற்றுத்தர வாத்தியார் இருக்கமாட்டார்.

ஆகவே நாம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். பாஸ்குவில் உரையாடல் எப்படி இருந்தாலும், பாட்டேனும் மேடையிலேயே பாடப்படட்டும். பாடுபவருக்கும் ஆர்மோனியக்காரருக்கும் உரிய ஊதியம் அளிக்கப்படட்டும். பந்தலுக்கும் மின்விளக்குக்கும் பேரம் பேசாமல் பணம் கொடுக்கும் விழாக்குழு, குரலுக்கு மட்டும் ‘இது ஊழியம்தானே’ என்று சொல்வது நற்செய்தி காட்டும் நீதியன்று. மூன்றாவதாக, நம் ஊர்களிலுள்ள நாடகக் கலைஞர்களை, சிறப்பாக ஸ்திரீபார்ட் பாடும் பெண்களை, பங்கின் பாடகர் குழுவுக்குப் பயிற்சி தர அழைக்கலாம். எழுத்தைத் தெளிவாக ஒலிக்கவும், மூச்சை ஆளவும், ஓரிரவு முழுவதும் குரலைக் கெடுக்காமல் காக்கவும் அவர்களைப்போல் அறிந்தவர் இப்பகுதியில் வேறெவர்?

இந்த மூன்றாவது கோரிக்கையில்தான் தயக்கம் எழும் என்பதை நாம் அறிவோம். ‘நாடகக்காரியா, கோவிலிலா?’ என்று முணுமுணுப்பவர் இருப்பர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். கொடுமுடிக் குரல் ஔவையாகப் பாடியபோது கண்கலங்கியவர்கள் நாம். அக்குரலைப் பயிற்றுவித்தது ஒரு நாடகக் கொட்டகை. ஔவையை ஏற்றுக்கொள்ளும் மனம், ஔவையாகுமுன் அவர் வள்ளியாகப் பாடியதையும் ஏற்க வேண்டும். தாலந்து உவமையில் தலைவன் கேட்ட கணக்கு, கொடுத்ததை எவ்வாறு பெருக்கினாய் என்பதே. எந்தச் சந்தையில் பெருக்கினாய் என்று அவன் கேட்கவில்லை.

வரும் பங்குனியில் எங்கோ ஒரு சிற்றூரில் இரவு இரண்டு மணிக்கு ஒரு பெண் விருத்தம் தொடங்குவார். கூட்டத்தில் பாதி உறங்கியிருக்கும். பொழுது விடிந்ததும் வேடத்தைக் கழுவிவிட்டு முதல் பேருந்தில் ஊர் திரும்புவார். அவரருகே இருக்கையில் அமரத் தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கம் நீங்கும்வரை, நம் இசை ஆர்வம் எத்துணை உயர்ந்த சுருதியில் ஒலித்தாலும் அது பாதிப் பாட்டே.